கிறிஸ்மஸுக்குச் சுங்குடி ஷால்

14-11-93, ஞாயிறு

விடியும்போதே மழை. ஆவடி ஸ்டேஷன் பக்கம் முழங்கால் தண்ணீர் என்று அப்பா. குவார்ட்டர்ஸ் மாடிப்படியெல்லாம் நேற்றைய தீபாவளிப் பட்டாசுக் காகிதம், ஊறிப்போய், செருப்போடு வீட்டுக்குள் வருகிறது. அம்மா இரண்டு தடவை பெருக்கிவிட்டாள். இரண்டு தடவையும் என்னைத் திட்டிக்கொண்டே.

பூசை முடிந்ததும் கொயர் கூட்டம். கிறிஸ்மஸுக்கு என்ன போடுவது? போன வருஷம் வரை புடவை. இந்த வருஷம் சுடிதார் போட ஃபாதர் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். ஆனால் பன்னிரண்டு பேருக்கும் ஷால் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். "வெள்ளை வாங்கிடலாம்" என்றாள் ரெஜினா. கொயர் லீடர், காலேஜ் படிக்கிறவள், சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "வெள்ளை வேணாம். நான் சுங்குடி ஷால் செஞ்சு தரேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஒரே சிரிப்பு. "சுங்குடியா? எங்க பெரியம்மா கட்டறதுடி அது!" "நாங்க இன்னா ரிட்டயர் ஆயிட்டோமா?"

ரெஜினா மட்டும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். "உனக்கு சுங்குடி போடத் தெரியுமா ரோஸி?" தெரியும் என்றேன்.

தெரியாது.

இதற்கெல்லாம் காரணம் எதிர்வீட்டு லலிதா. நேற்று தீபாவளிப் பலகாரம் கொண்டுவந்தாள். மதுரைப் பெண், சௌராஷ்டிரக் குடும்பம், கல்யாணமாகி ஆறு மாதம்தான். வீட்டுக்காரருக்கும் அப்பா வேலை பார்க்கும் அதே ஃபாக்டரி. நீலப் புடவை, முழுக்க வெள்ளைப் புள்ளி. நான் ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் நாலு வருஷமாகச் செக்கிங்கில் உட்கார்ந்தவள். துணியைப் பார்த்தால் கண் தானாகத் தப்பைத் தேடும். தட்டை வாங்குவதற்கு முன்னால் முந்தானையைப் பிடித்துவிட்டேன். ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இல்லை. ஒன்று வட்டம், ஒன்று சதுரம், ஒன்றுக்கு வால். கம்பெனியாக இருந்தால் மொத்தமும் ரிஜெக்ட். ஆனால் கையை எடுக்க மனசு வரவில்லை.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சுக்கா. முடிச்சு போட்டு சாயத்துல முக்கினா, முடிச்சுக்குள்ள சாயம் போகாது. கடைல விக்கிறதெல்லாம் இப்ப பிரிண்ட்டு" என்றாள். இது அவளே போட்டதாம்.

பழைய பொருளைக் காப்பாற்ற வேண்டும் என்கிற பெரிய எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. அதை ஷாலாகப் போட்டுக்கொண்டு லோக்கல் ட்ரெயினில் ஏற ஆசை. அவ்வளவுதான்.

16-11-93, செவ்வாய்

ரயில் அரை மணி லேட். கம்பெனியில் கோடு போட்ட சட்டை, ஒரே சட்டை, மலை மாதிரி. எல்லாவற்றிலும் இடது காலரில் தப்பு. கனவிலும் காலர் வருகிறது.

சாயங்காலம் லலிதாவிடம் போய்ச் சொல்லிக்கொடு என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

"வேணாம்க்கா. அதை விட்டுட்டுத்தான் இங்கிட்டு வந்துருக்கேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தா முடிச்சு, லீவு நாள்னா முடிச்சு. மெட்ராஸ் மாப்பிள்ளைன்னதும் நான் கேட்ட மொதக் கேள்வி, அங்க முடிச்சு போடணுமான்னுதான்."

பிறகு அவளே கேட்டாள்: "உங்க கம்பெனில கரண்ட்டு மெஷின் ஓட்டுறாங்கள்ல? அது எனக்கு வருமாக்கா?"

எனக்குச் சிரிப்பு. மெஷின் சத்தம் கேட்டாலே எனக்குத் தலைவலி, அவளுக்கு முடிச்சைக் கண்டாலே. ஒப்பந்தம்: அவள் எனக்கு முடிச்சு, நான் அவளுக்கு எங்கள் வீட்டு மெஷின். மிதி மெஷினில் கை வந்துவிட்டால் கம்பெனி மெஷினுக்குப் பழக்குவது பெரிய விஷயமில்லை.

"சொல்லித் தருவேன். ஒரு முடிச்சுகூடப் போட மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

18-11-93

ரேஷன் சர்க்கரை வந்திருக்கிறது. அம்மா போகச் சொன்னாள், மறந்துவிட்டேன்.

முதல் பாடம். புது மல் துணியை அலசிக் கஞ்சி எடுத்துவிட வேண்டும். நகத்தால் துணியை ஒரு பொட்டு தூக்கி, நூலைச் சுற்றி, இறுக்கி இழுத்து, அறுக்காமல் அடுத்த பொட்டுக்குப் போக வேண்டும். ஒரே நூல், சிக்குக்கோலக் கோடு மாதிரி. லலிதா (இனி ல.) போட்டுக் காட்டியபோது வேகத்தில் விரல் தெரியவில்லை. நான் போட்டது மூன்று. மூன்றும் அவள் ஊதியதும் அவிழ்ந்தன.

"பாத்தியா, வாய்தான் நீளம்" என்று அம்மா அடுப்பங்கரையிலிருந்து.

மெஷினில் ல. இன்னும் மோசம். சக்கரம் பின்பக்கம் சுற்றி நூல் மூன்று தரம் அறுந்தது. மனசுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

22-11-93, திங்கள்

பிரச்சினை. முடிச்சுக்கு இடது சுண்டுவிரல் நகம் நீளமாக, கூராக வேண்டும். கம்பெனியில் நகம் வளர்க்கக் கூடாது. துணியில் மாட்டி இழுத்துவிடும். தினம் காலையில் சூப்பர்வைசர் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பார்.

விரலில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு போனேன். "என்னம்மா ஆச்சு?" "கதவுல நசுங்கிடுச்சு சார்." பாவம், டின்ச்சர் போடச் சொன்னார்.

டிரிம்மிங் செக்‌ஷன் கலாவிடமும் அம்சாவிடமும் மட்டும் உண்மையைச் சொன்னேன். கலாவுக்கு ஊர் பாடி, அம்சாவுக்குத் திருநின்றவூர். இரண்டு பேரும் கொயரும் இல்லை, கிறிஸ்டியனும் இல்லை. "எங்களுக்கும் ஒரு ஷால் குடுப்பியா? அப்ப நாங்களும் முடிச்சு போட வரோம்" என்றாள் கலா. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.

28-11-93, ஞாயிறு

திருவருகைக்காலம் முதல் ஞாயிறு. வெயில்! துணியெல்லாம் காய்ந்தது.

கைக்குட்டை அளவு சாம்பிள் ஒன்று சாயம் போட்டு, முடிச்சுப் பிரித்துக் கோவிலுக்குக் கொண்டுபோனேன். அரக்கு கலர் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. ரெஜினா கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, "அழுக்குச் செங்கல் மாதிரி இருக்கு" என்றாள். கோபம் வந்தது. ஆனால் செங்கல் மாதிரிதான் இருந்தது.

கொயரிலேயே சின்னவள் செல்வி மட்டும் அதை வாங்கிக் குதிரைவாலில் கட்டிக்கொண்டு, ஃபாதர் வண்டிக் கண்ணாடியில் பார்த்தாள். இப்படித் திரும்பி, அப்படித் திரும்பி. அதைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது.

ரெஜினா முடிவாகச் சொன்னாள்: "வெள்ளை ஷாலும் வாங்கி பீரோவில வெக்கறேன். இருபத்தி நாலாம் தேதி சாயங்காலம் பாப்போம். எல்லாருக்கும் புடிச்சா உன்னுது. இல்லன்னா வெள்ளை. சரியா?" சரி என்றேன். நியாயமாகத்தான் பேசுகிறாள், அதுதான் எரிச்சல்.

ல. சொல்கிறாள், சாயத்தில் தப்பில்லை, தண்ணீரில்தான். "இந்த போர் தண்ணி உப்பு. மதுரைல வைகைத் தண்ணில முக்கினா எப்புடி இருக்கும் தெரியுமா?" வைகைக்கு எங்கே போவது? குழாய்த் தண்ணீர் வரும்போது பிடித்துவைக்க வேண்டும்.

மத்தியானம் கலா, அம்சா வந்தார்கள். டிரிம்மிங் பெண்கள், விரல் என்ன வேகம்! நான் ஒரு வாரம் கற்றதை ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள். "இம்மாந்தூண்டு துணியில இத்தினி முடிச்சா? எவன்கா கண்டுபுடிச்சான் இத்த?" என்று கலா புலம்பிக்கொண்டே போட்டாள். ஆளுக்கு இரண்டு ஷால் துணி வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். முழுக்க வேண்டாம், இரண்டு முனையிலும் மட்டும் புள்ளி. முழுக்க என்றால் ஈஸ்டருக்குத்தான் முடியும்.

2-12-93

ஷிப்மென்ட். ஓ.டி. கால் வீக்கம்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பையிலிருந்து துணியை எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே வந்தேன். எதிரில் ஒரு அம்மா, "சாமிக்கு வேண்டுதலாம்மா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான்.

6-12-93, திங்கள்

அப்பாவுக்கும் ஆர்வம் வந்துவிட்டது. பிஸ்கட் டின் மூடியில் சரிசமமாக ஓட்டை போட்டு, "இத துணி மேல வெச்சு பொட்டு வெச்சிக்கோ, ஒரு நூல்கூட பிசகாது" என்றார். ஃபாக்டரிக் கை. ல. பார்த்துவிட்டு, "மாமா, இம்புட்டு நேரா இருந்தா பிரிண்ட்டுன்னு சொல்லிருவாக" என்றாள். அப்பா முகம் தொங்கிவிட்டது. ஓரக் கோட்டுக்கு மட்டும் அந்த மூடி என்று சமாதானம். இப்போது தினமும் கேட்கிறார், மூடி உபயோகமா என்று.

ல. மெஷினில் நேராக ஒரு தலையணை உறை தைத்தாள். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் தலையணையை உள்ளே போட்டுப் பார்த்தார்.

12-12-93, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

கலாவும் அம்சாவும் காலையிலேயே வந்தார்கள். நாலு ஷாலும் முடிந்துவிட்டதாம். கலா முகத்தில் அப்படி ஒரு பெருமை. மடித்து, கம்பெனியில் மடிப்பதுபோலவே பாலிதீன் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். பிரித்தேன். முடிச்சு முடிச்சாக இருந்தது. முடிச்சுக்கு முடிச்சு ஓட வேண்டிய நூலைக் காணோம்.

"நூலெல்லாம் எங்கடி?"

"கட் பண்ட்டோம்க்கா" என்றாள் கலா. "நீட்டா கீதுல்ல?"

நாலு ஷால். ஒவ்வொரு முடிச்சுக்கும் நடுவில் ஓடிய நூலை, தொங்குகிற நூல் என்று நினைத்து, டிரிம்மர் கத்திரி வைத்து, ஒட்ட வெட்டியிருந்தார்கள். கம்பெனியில் ஒரு நூல் தொங்கினால் பீஸ் திரும்பி வந்துவிடும். நாள் முழுக்க அதுதான் வேலை அவர்களுக்கு. முடிச்சைத் தொட்டேன். ஒன்று அவிழ்ந்தது. பக்கத்தில் இருந்தது அதுவாகவே அவிழ்ந்தது. வெந்நீரில் போட்டால் ஒன்றும் மிஞ்சாது.

கத்திவிட்டேன். அம்மா வந்து பார்க்கும் அளவுக்கு. அம்சா அழுதாள். கலா அழவில்லை, எதிர்த்து நின்றாள்: "வெட்டக் கூடாதுன்னு யாருக்கா சொன்னா? நூலு தொங்கிகினு கீது, கை சும்மா இருக்குமா? நீ இருந்தாலும் வெட்டியிருப்ப!"

உண்மை. இருந்தாலும் வெட்டியிருப்பேன். லலிதாவைப் பார்த்தே கற்றதால் தப்பித்தேன்.

அப்போதுதான் ல. உள்ளே வந்தாள். ஒவ்வொரு ஷாலாக எடுத்துப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. "எங்க தெருவுல இத்தனை வருஷத்துல ஒருத்தியும் இதைச் செஞ்சதில்லக்கா. இதுக்கு மெட்ராஸ் கம்பெனிதான் வரணும்!"

கலாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. கிறிஸ்மஸுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. என்னுடையதும், எங்களோடு உட்கார்ந்து முடிச்சுப் போடும் ல. வீட்டுக்காரரின் தங்கை கட்டியதும் சேர்த்தால் எட்டு. எட்டு ஷாலை வைத்துக்கொண்டு பன்னிரண்டு பேருக்கு என்ன செய்வது? ரெஜினாவின் வெள்ளை ஷால்தான் கண்முன் வருகிறது.

13-12-93

காலையில் ல. கதவைத் தட்டினாள். "அந்த நாலையும் குடுங்க."

துணியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். முடிச்சு இருந்த இடத்திலெல்லாம் சின்னக் கூம்பு மாதிரி மடிப்பு நிற்கிறது. அதிலேயே திரும்பக் கட்டினால் சீக்கிரம் முடியும்.

"நீ முடிச்சு போட மாட்டேன்னு சொன்னியே" என்றேன்.

"அங்க கடைக்காரருக்குப் போட்டேன், அந்தச் சேலைய யாரு உடுத்துனாகன்னு ஒரு நாளும் பாத்ததில்லை. இது யாரு போடுவான்னு தெரியும்ல" என்றாள். "ஆனா மெஷின் பாடத்தை விட்றாதீங்க. பாவாடை தைக்கணும் நான்."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டேன்.

16-12-93, வியாழன்

கலா தினமும் கம்பெனி விட்டு என்னோடு ஆவடி வந்து, ஏழு மணிவரை முடிச்சுப் போட்டுவிட்டு பாடிக்குப் பஸ் ஏறுகிறாள். டிரிம்மரைக் கம்பெனிப் பெட்டியிலேயே பூட்டிவிட்டு வருகிறாளாம். "அது கையில இருந்தா எனக்கே என் மேல நம்பிக்க இல்லக்கா."

சூப்பர்வைசர் இன்று என் விரலை விசாரித்தார். நான் பதில் சொல்வதற்குள் கலா: "செப்டிக் ஆயிகினு கீது சார்!" ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி அரை நாள் லீவு கொடுத்தார். வீட்டுக்கு வந்து முடிச்சுப் போட்டேன். மனசு உறுத்தியது, கொஞ்சம்.

19-12-93, ஞாயிறு

சாயம். காலையில் குழாய்த் தண்ணீர் வந்ததும் எங்கள் வீட்டு டிரம், ல. வீட்டு டிரம், இரண்டும் நிரப்பினோம். கீழ்வீட்டு அக்கா சண்டை: "ஊருத் தண்ணி எல்லாம் சாயம் கரைக்கவா?" அவர் பெண்ணுக்கும் பொங்கலுக்கு ஒன்று தருகிறேன் என்றதும் அவரே ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றினார்.

வீட்டுப் பின்னால் ஸ்டவ், பெரிய அண்டா. ல. குச்சியால் கிண்டினாள், வேறு யாரையும் தொட விடவில்லை. அரக்குச் சாயம், கொதி, உப்பு, மறுபடி கொதி. எடுத்துப் பிழிந்து கொடியில் போட்டபோது கலர் அப்படியே வந்திருந்தது. செங்கல் இல்லை. அரக்கேதான்.

ஆனால் ஷால் பார்க்கச் சகிக்கவில்லை. முடிச்சால் சுருங்கி, பாகற்காய் வற்றல் மாதிரி தொங்குகிறது. பிரித்துவிடலாமா என்றேன்.

"தொடக் கூடாது. எங்க பக்கம் முடிச்சோடதான் விப்பாக. வாங்குறவுக பிரிக்கணும். பிரிச்சுக் குடுத்தா கையால போட்டதுன்னு யாரு நம்புவா?"

இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

24-12-93, வெள்ளி

மழை இல்லை. அம்மா அதிரசம் இரண்டு டின். ஒன்று காலி.

சாயங்காலம் கோவில். பையன்கள் குடில் கட்டிக்கொண்டிருந்தார்கள், வைக்கோல் எங்கும். ல.வையும் இழுத்துக்கொண்டு போனேன். பையைத் திறந்து ஷால்களைப் பெஞ்சில் வைத்தேன்.

ஒருத்தரும் கிட்டே வரவில்லை. செல்விகூட. "இதையா போட்டுக்கணும்?" என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள். ரெஜினா தன் பையிலிருந்து வெள்ளை ஷால் பாக்கெட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

ல. ரெஜினா கையில் ஒரு ஷாலின் முனையைக் கொடுத்தாள். "ரெண்டு பக்கமும் பிடிச்சு வெடுக்குன்னு இழுங்க."

"கிழிஞ்சிடாதா?"

"இழுங்க, கிழியாது."

இழுத்தாள். பட் பட் பட் பட் என்று முடிச்சு வரிசையாகத் தெறித்தது. நூல் அவள் காலடியில் விழுந்தது. அரக்கில் வெள்ளைப் புள்ளி, ஒவ்வொன்றும் நடுவில் சின்னக் கூர் நிமிர்ந்து. குடில் கட்டுகிற பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரெஜினா இன்னொரு தடவை இழுத்தாள். இன்னொரு தடவை. பிறகு யாரையும் கேட்காமல் அடுத்த முனையையும் தேடி எடுத்தாள்.

"ஏய், என்னுது நான்தான் பிரிப்பேன்!" என்று செல்வி பாய்ந்தாள். அப்புறம் பன்னிரண்டு பேரும். கோவில் முழுக்கப் பட்பட். ஃபாதர் எட்டிப் பார்த்து, "வெடியா வெடிக்கிறீங்க?" என்றார்.

வெள்ளை பாக்கெட்டை ரெஜினா பையில் திருப்பிப் போட்டுவிட்டாள். "அடுத்த வருஷம் இதுலயே சாயம் போடலாம்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

ல. தூணில் சாய்ந்து நின்றாள். பிரிக்கிறவர்களை இதுவரை அவள் பார்த்ததே இல்லையாம்.

25-12-93

பாடினோம். கீழே உட்கார்ந்த அம்மாக்கள் பாட்டைக் கேட்டார்களா தெரியாது, ஷாலையே பார்த்தார்கள். செக்கிங் கண்ணால் நானும் பார்த்தேன். தப்பு ஏராளம். செல்வியுடையதில் ஒரு வரிசை கோணல், அது நான் போட்டது. கம்பெனியில் தப்பு இருக்கும் இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். இன்று ஒரு அம்பும் ஒட்டத் தோன்றவில்லை. சந்தோஷம். வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

கலா, அம்சா சாப்பிட வந்தார்கள், பன்னிரண்டுக்கு மேல் தங்களுக்கென்று கட்டிய ஷாலைப் போட்டுக்கொண்டு. கலாவைப் பஸ்ஸில் ஒரு பெண் எங்கே வாங்கினது என்று கேட்டாளாம். "வாங்கினதா? இத்தக் கட்னதே நான்தான்னேன்!"

26-12-93, ஞாயிறு

காலையில் மெஷின் பாடம். ல. பாவாடைக்கு மடிப்பு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஜனவரியில் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், ட்ரயலுக்கு அவள் பேரைக் கொடுத்திருக்கிறேன். கதவு தட்டும் சத்தம்.

ரெஜினா. பின்னால் செல்வியும் இன்னும் இரண்டு பேரும். ரெஜினா கையில் அந்த வெள்ளை ஷால் பாக்கெட்.

"இதுலயும் போடணும்" என்றாள்.

"வெச்சிட்டுப் போ. பொங்கலுக்குள்ள போட்டுத் தரோம்."

"போட்டுத் தர வேணாம். எப்படிப் போடறதுன்னு சொல்லிக்குடு."

லலிதாவைப் பார்த்தேன். அவள் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. தையலிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நீங்களே காட்டுங்கக்கா" என்றாள்.

பாய் விரித்தேன். நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். நகத்தால் துணியை ஒரு பொட்டு தூக்கினேன். காட்டினேன்.